பாட்டில் தீர்ந்தால் சொட்டு மருந்து முடிந்துவிட்டதா?

கேள்வி: என் மகளுக்கு நாலரை மாதம் ஆகிறது. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். பிரசவம் முடிந்து வீட்டுக்கு வரும்போது வைட்டமின் டி சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். தினமும் ஒரு மி.லி. கொடுத்தேன். ஒரு மாதத்தில் பாட்டில் தீர்ந்தது. கோர்ஸ் முடிந்துவிட்டது என்று நினைத்து நிறுத்திவிட்டேன். "தாய்ப்பாலில் இல்லாத சத்தா? நாங்களெல்லாம் சொட்டு மருந்து கொடுத்தா பிள்ளை வளர்த்தோம்?" என்று மாமியாரும் சொன்னார். அதற்குப் பதிலாகத் தினமும் காலை ஏழு மணிக்கு, மூடிய ஜன்னல் வழியாக வரும் வெயிலில் குழந்தையைப் படுக்க வைக்கிறோம். போன வாரம் உறவுக்காரர் குழந்தை ஒன்றுக்கு, ஒன்றரை வயதில், எலும்பு கெட்டிப்படாமல் வளைந்துபோகும் ரிக்கெட்ஸ் நோய் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. என் மகளுக்கும் கால் லேசாக வளைந்துதான் இருக்கிறது. பால் குடிக்கும்போது தலை வியர்க்கிறது. நான் கெடுதல் செய்துவிட்டேனா? ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா? விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து இப்போது கூடுதலாகக் கொடுக்கலாமா? நானே மாத்திரை சாப்பிட்டால் பால் வழியாகக் குழந்தைக்குப் போய்விடாதா?

பி.கு.: இன்னும் பல்லும் முளைக்கவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் தூங்க வேண்டும் என்பதால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். சொட்டு மருந்தை இன்றே மறுபடி தொடங்குங்கள். ஒரு நாளைக்கு 400 யூனிட், அவ்வளவுதான். விட்டுப்போனதைச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். நன்றாகப் பால் குடித்து, சிரித்து, எடை ஏறிவரும் குழந்தைக்கு இதற்காக ரத்தம் எடுக்க அவசியமில்லை. நான் குழந்தையைப் பார்க்கவில்லை, கடிதத்தைத்தான் பார்க்கிறேன். அதனால் அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது உங்கள் மருத்துவரிடம் இந்த இடைவெளியைச் சொல்லி, ஒரு முறை தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் பயப்படும்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இனி விவரமாகப் பேசலாம்.

உங்கள் கடிதத்தில் என்னைச் சுட்ட வரி, "கோர்ஸ் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்" என்பதுதான். சில வருடங்களுக்கு முன் இதே வார்த்தையை ஒரு தாய் என் அறையில் உட்கார்ந்து சொன்னார். குழந்தைக்கு ஐந்து மாதம். "டிராப்ஸ் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டேன். "அதுதான் முதல் மாதமே கொடுத்து முடித்துவிட்டோமே டாக்டர்" என்றார். பழைய சீட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான். மருந்தின் பெயர், "தினம் 1 மி.லி." என்ற அளவு, இரண்டும் இருந்தன. எதுவரை என்று இல்லை. எதற்காக என்றும் இல்லை. காய்ச்சல் மருந்தும் பாட்டிலில்தான் வருகிறது, ஆன்டிபயாட்டிக்கும் பாட்டிலில்தான் வருகிறது. அவை தீர்ந்தால் சிகிச்சை தீர்ந்தது. இது மட்டும் அப்படியில்லை என்று நாங்கள் சொல்லாமல் ஒரு தாய்க்கு எப்படித் தெரியும்? அன்றிலிருந்து சீட்டில் "முதல் பிறந்தநாள் வரை, பாட்டில் தீர்ந்தால் அடுத்த பாட்டில்" என்று எழுதுகிறேன். கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. வேலை செய்கிறது.

தாய்மார்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று மருத்துவர்கள் நாங்கள் அடிக்கடி அலுத்துக்கொள்வோம். என் அனுபவத்தில், வைட்டமின் டி என்ற பெயரைக் கேள்விப்படாத தாய் அபூர்வம். வெயிலில் கிடைக்கும், எலும்புக்கு நல்லது, இந்த இரண்டும் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது அடுத்த மூன்று விஷயங்கள்: தாய்ப்பாலில் இது மிகக் குறைவு, ஜன்னல் வெயிலில் இது கிடைக்காது, ஒரு வருடம் விடாமல் கொடுக்க வேண்டும். மூன்றுமே நாங்கள் சொல்லியிருக்க வேண்டியவை.

தாய்ப்பாலை எடுத்துக்கொள்வோம். உங்கள் மாமியார் கேட்ட கேள்வி நியாயமானது. குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்று ஊரெல்லாம் நாங்களேதான் சொல்கிறோம். அப்புறம் நாங்களே ஒரு சொட்டு மருந்தையும் எழுதித் தந்தால், பாலில் ஏதோ குறை என்றுதானே யாருக்கும் தோன்றும்? உண்மை என்னவென்றால், ஒரு லிட்டர் தாய்ப்பாலில் வைட்டமின் டி பெரும்பாலும் 80 யூனிட்டுக்கும் கீழேதான் இருக்கும். குழந்தை ஒரு நாளில் குடிப்பது முக்கால் லிட்டர் அளவு. நன்றாகச் சாப்பிடும், ஆரோக்கியமான தாயின் பாலிலும் இதே கதைதான். இது உங்கள் உடம்பின் குறை இல்லை. மனித உடம்பு இந்த ஒரு சத்தைப் பால் வழியாகக் கொடுக்க ஏற்பாடு செய்துகொள்ளவே இல்லை. தோல் வழியாகத் தயாரித்துக்கொள்ளத்தான் ஏற்பாடு செய்திருக்கிறது. பெரும்பாலான நேரம் வெட்டவெளியில், வெயிலில் வாழ்ந்த உடம்புக்கு அது போதுமானதாக இருந்திருக்கும். நாம் சுவர்களுக்குள் வந்துவிட்டோம். சொட்டு மருந்து ஈடுகட்டுவது வெயிலை. உங்கள் பாலோடு அதற்குப் போட்டி எதுவும் இல்லை. மாமியாரிடமும் இப்படியே சொல்லிப் பாருங்கள். "மருந்து" என்று சொல்லாமல் "வெயிலுக்குப் பதில்" என்று சொன்னால் பல பாட்டிகள் சமாதானமாகிவிடுகிறார்கள்.

பிறக்கும்போது குழந்தை வெறுங்கையோடு வருவதில்லை. தாயின் ரத்தத்திலிருந்து கொஞ்சம் வைட்டமின் டி தொப்புள்கொடி வழியாக வந்து சேர்ந்திருக்கும். தாய்க்கு எவ்வளவு இருந்ததோ அதில் ஒரு பங்கு. தாய்க்கே குறைவு என்றால் குழந்தைக்கும் குறைவாகத்தான் கிடைத்திருக்கும். அந்தக் கையிருப்பு சில வாரங்களில் கரைந்துவிடும். அதனால்தான் பிறந்த சில நாட்களிலேயே சொட்டு மருந்தைத் தொடங்கச் சொல்கிறோம்.

"நாங்களெல்லாம் கொடுத்தோமா?" என்பதற்கும் ஒரு பதில் உண்டு. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அதுதான் விஷயம். மருத்துவர்களின் கருத்தே மாறிக்கொண்டு வந்திருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 2003-ல் ஒரு நாளைக்கு 200 யூனிட் என்றது. 2008-ல் அதையே 400 ஆக்கி, பிறந்த சில நாட்களிலேயே தொடங்கச் சொன்னது. 2016-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து ரிக்கெட்ஸ் தடுப்புக்கான பொதுப் பரிந்துரையை வெளியிட்டார்கள். அதிலும், எந்தப் பால் குடித்தாலும் சரி, முதல் ஆண்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் 400 யூனிட் என்றுதான் இருக்கிறது. உங்கள் மாமியார் பிள்ளை வளர்த்த காலத்தில் இது பேச்சிலேயே இல்லாமல் இருந்திருக்கலாம். அவர்கள் காலத்திலும் கால் வளைந்த குழந்தைகள் இருந்தார்கள். அதற்கு இதுதான் காரணம் என்று அடையாளம் காணப்படாமலே பலர் வளர்ந்துவிட்டார்கள். இதை வைத்து வீட்டில் வாக்குவாதம் செய்யச் சொல்லவில்லை. அவரும் தவறில்லை, நீங்களும் தவறில்லை.

வெயில் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான்.

1919-ல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்சின்ஸ்கி என்ற மருத்துவர், ரிக்கெட்ஸ் முற்றிய நாலு குழந்தைகளுக்குப் புற ஊதாக் கதிர் விளக்கு காட்டிக் குணமாக்கினார். அவர் கவனித்த ஒன்று எனக்கு இன்றும் ஆச்சரியம் தருவது. ஒரு கையில் மட்டும் கதிர் பட்டாலும், எக்ஸ்ரேயில் இரண்டு கை எலும்பும் தேறிவந்தன. அப்படியென்றால் தோலில் ஏதோ ஒன்று உண்டாகி, ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் போகிறது. அந்த ஏதோ ஒன்றைத்தான் இன்று வைட்டமின் டி என்கிறோம். கிட்டத்தட்ட அதே நேரத்தில் லண்டனில் எட்வர்ட் மெலன்பி என்பவர் நாய்க்குட்டிகளுக்கு ரிக்கெட்ஸ் வரவைத்து, மீன் எண்ணெய் கொடுத்து அதைத் தடுக்க முடியும் என்று காட்டினார். விளக்கும் எண்ணெயும் ஒரே நோயைக் குணப்படுத்தியது அப்போது பெரிய புதிர்.

ஆனால் எல்லா வெளிச்சமும் இந்த வேலையைச் செய்யாது. வெயிலில் இருக்கும் புற ஊதா பி என்ற கதிர், ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ளது, அது மட்டும்தான் தோலில் வைட்டமின் டி-யைத் தயாரிக்கும். சாதாரண ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரை ஏறக்குறைய முழுக்கத் தடுத்துவிடும். வெளிச்சம் வரும், வெதுவெதுப்பு வரும், குழந்தையும் சுகமாகத் தூங்கும். வைட்டமின் டி மட்டும் வராது. நீங்கள் தினமும் செய்துவந்தது அதுதான். ஜன்னலைத் திறந்து வைத்தாலும் காலை ஏழு மணிக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது. சூரியன் தாழ்வாக இருக்கும்போது கதிர்கள் காற்று மண்டலத்தைச் சாய்வாகக் கடந்து வரவேண்டியிருக்கிறது. வரும் வழியிலேயே இந்தக் கதிர் வடிகட்டப்பட்டுவிடும். இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. வெயிலில் நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருந்தால் அந்த வெயிலில் வைட்டமின் டி கிடைப்பது சொற்பம்.

அப்படியானால் நிழல் குட்டையாக இருக்கும் உச்சிவேளையில் காட்டலாமா? அங்கேதான் சிக்கல். அந்த நேரத்து வெயில் கைக்குழந்தையின் மெல்லிய தோலைச் சுட்டுவிடும், உடம்பில் நீர் வற்றும். ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தையை நேரடி வெயிலில் வைக்கவே வேண்டாம் என்று அதே அமெரிக்க அகாடமி சொல்கிறது. ஆக, பாதுகாப்பான வெயிலில் சத்து இல்லை, சத்துள்ள வெயில் பாதுகாப்பு இல்லை. இதில் தோலின் நிறம் வேறு. கறுத்த தோலில் உள்ள மெலனின் கதிரைத் தடுத்து நிறுத்துவதால், அதே அளவு வைட்டமின் டி தயாரிக்க அதிக நேரம் பிடிக்கும். மேகம், புகை, துணி, இடம், பருவம் என்று எத்தனையோ கணக்கு. வெயிலை அளந்து ஊட்ட முடியாது. சொட்டை அளந்து ஊட்டலாம். நான் சொட்டு மருந்தின் பக்கம் நிற்பதற்கு இதைவிடப் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. குழந்தையை வெளியே, நிழலில், காற்றோட்டமாகத் தூக்கிக்கொண்டு நடப்பது நல்லதுதான். அதை நிறுத்தாதீர்கள். அதை வைட்டமின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இடையில் ஒன்று. ஜன்னல் ஓர வெயில் என்ற பழக்கம் பல வீடுகளில் மஞ்சள் காமாலைப் பேச்சிலிருந்து வந்திருக்கிறது. பிறந்த குழந்தையின் மஞ்சளைக் குறைக்க ஆஸ்பத்திரியில் நீல விளக்கின் கீழே வைப்பார்கள் இல்லையா, அந்த வெளிச்சம் 460 முதல் 490 நானோமீட்டர் வரை. அது வேறு கதிர், வேறு வேலை, கண்ணாடியும் அதைத் தடுக்காது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, "வெயில் காட்டினால் எல்லாம் சரியாகும்" என்று ஆகிவிட்டது. சொல்லப்போனால் மஞ்சள் காமாலைக்கும் ஜன்னல் வெயில் சிகிச்சை கிடையாது.

சரி, கால் வளைவுக்கு வருவோம். வயிற்றுக்குள் கை கால் மடக்கிக் கிடந்த குழந்தைக்குப் பிறந்த பிறகு கால் சற்று வளைந்துதான் இருக்கும். நடக்கத் தொடங்கும்போது அது இன்னும் எடுப்பாகத் தெரியும். இரண்டு வயதுவாக்கில் தானாக நேராகும். அப்புறம் மூன்று, நாலு வயதில் முழங்கால்கள் ஒன்றையொன்று இடிப்பதுபோல உள்பக்கம் சாய்ந்து, அதுவும் பிறகு சரியாகும். நாலரை மாதக் குழந்தையின் இரண்டு காலும் ஒரே மாதிரி லேசாக வளைந்திருந்தால் அது பெரும்பாலும் இயல்பான வளைவு. தலை வியர்ப்பதும் அப்படித்தான். பால் குடிப்பது குழந்தைக்கு உழைப்பு, அதிலும் உங்கள் கையின் சூட்டில் தலை அணைந்திருக்கிறது. ஆனால் குடிக்கும்போது மூச்சு வாங்குவது, பாதியிலேயே களைத்து விட்டுவிடுவது, எடை ஏறாமல் இருப்பது, இவற்றில் ஏதாவது வியர்வையோடு சேர்ந்திருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அது வேறு காரணங்களுக்காகவும் பார்க்க வேண்டியது.

உண்மையான குறைபாடு எப்படித் தெரியும்? வைட்டமின் டி இல்லாவிட்டால் குடலிலிருந்து கால்சியம் சரியாக உறிஞ்சப்படாது. ரத்தத்தில் கால்சியம் குறையப் பார்க்கும்போது, உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும். வளரும் எலும்பின் நுனியில் புதிதாக உருவாகும் பகுதி கெட்டிப்படாமல் மெத்தென்று அகன்றுகொண்டே போகும். மணிக்கட்டு பருத்துத் தெரிவதும், விலா எலும்புகள் நெஞ்சோடு சேருமிடத்தில் வரிசையாக மணி கோத்தாற்போல முடிச்சுகள் தட்டுப்படுவதும் இதனால்தான். சிறு குழந்தையின் பின்மண்டை எலும்பு அழுத்தினால் பிங்பாங் பந்துபோல உள்வாங்கி வெளிவரும். இதை நீங்கள் வீட்டில் அழுத்திப் பார்க்க வேண்டாம், அது மருத்துவரின் விரலுக்கான வேலை. உச்சிக்குழி மூடத் தாமதமாகும், தசைகள் தளர்ந்து குழந்தை உட்காரவும் நடக்கவும் தாமதிக்கும். கால் வளைவு என்பது பெரும்பாலும் குழந்தை நின்று, உடம்பின் பாரம் காலில் இறங்கிய பிறகு வருவது. அதனால்தான் உங்கள் உறவினர் குழந்தைக்கு ஒன்றரை வயதில் தெரியவந்திருக்கிறது.

கைக்குழந்தைகளில் நான் அதிகம் பயப்படுவது எலும்பைப் பற்றி அல்ல. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை மிக வேகமாக வளர்கிறது, கால்சியத் தேவையும் அதிகம். அந்த வயதில் குறைபாடு கடுமையாக இருந்தால் எலும்பு வளைவதற்கு முன்பே ரத்தத்தில் கால்சியம் சரிந்து, காய்ச்சலே இல்லாமல் வலிப்பு வரலாம். அபூர்வமாக இதயத் தசையும் பலவீனமாகும். எந்த வலிப்பானாலும் உடனே ஆஸ்பத்திரிதான். இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. "எலும்புதானே, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சிலர் தள்ளிப்போடுகிறார்கள், அதற்காகத்தான்.

ரத்தப் பரிசோதனை ஏன் வேண்டாம் என்றேன்? நன்றாக இருக்கும் குழந்தைக்கு எண் எதுவாக வந்தாலும் நான் சொல்லப்போவது 400 யூனிட் கொடுங்கள் என்பதுதான். மேலே சொன்ன அறிகுறிகள் இருந்தால் கதை வேறு. அப்போது வைட்டமின் டி அளவோடு கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் என்ற நொதி எல்லாம் பார்த்து, மணிக்கட்டையோ முழங்காலையோ எக்ஸ்ரே எடுப்போம். வைட்டமின் டி ஒரு மி.லி. ரத்தத்தில் 20 நானோகிராமுக்கு மேல் இருந்தால் போதுமானது, 12-க்குக் கீழே போனால் குறைபாடு என்பது அந்த 2016 பரிந்துரையின் கணக்கு. ரிக்கெட்ஸ் உறுதியானால் சிகிச்சை அளவே தனி. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 2,000 யூனிட் வீதம், குறைந்தது மூன்று மாதம், கால்சியத்தோடு சேர்த்து, மருத்துவர் கண்காணிப்பில். அந்த அளவைத் தடுப்புக்கான அளவோடு குழப்பிக்கொண்டு வீட்டிலேயே யாரும் தொடங்கிவிடக் கூடாது.

குறைவதைப் பற்றி இவ்வளவு பேசியாயிற்று, கூடிப்போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. கூடுதலாகப் போனது சிறுநீரில் உடனே வெளியேறிவிடாமல் உடம்பில் தங்கும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், பால் குடிக்க மறுப்பது, அதிகமாகச் சிறுநீர் போவது, சோர்வு, கடைசியில் சிறுநீரகத்தில் கால்சியம் படிவது வரை போகும். முதல் ஆறு மாதத்தில் ஒரு நாளைக்கு 1,000 யூனிட், அடுத்த ஆறு மாதத்தில் 1,500 யூனிட், இவற்றைத் தாண்டக் கூடாது என்று ஒரு மேல்வரம்பு வைத்திருக்கிறார்கள். தினம் 400 கொடுப்பதில் இந்த ஆபத்து இல்லை. ஆபத்து டிராப்பரில் இருக்கிறது.

விளக்கமாகச் சொல்கிறேன். கடையில் கிடைக்கும் வைட்டமின் டி சொட்டு மருந்துகள் ஒரே அடர்த்தியில் இருப்பதில்லை. ஒன்றில் ஒரு மி.லி.க்கு 400 யூனிட் இருக்கும். இன்னொன்றில் ஒரு மி.லி.க்கு 800. வேறொன்றில் ஒரே ஒரு சொட்டிலேயே 400 யூனிட் இருக்கும். முதல் பாட்டில் தீர்ந்து, அதே மருந்து கிடைக்காமல், வேறு கம்பெனி மருந்தை வாங்கி வந்து, பழைய பழக்கத்தில் "ஒரு மி.லி." என்று கொடுத்தால் என்ன ஆகும்? அந்த ஒரு சொட்டு வகையில் ஒரு மி.லி. என்பது இருபது, முப்பது சொட்டு. அதாவது 8,000 முதல் 12,000 யூனிட். அதுவும் தினமும். 2010-ல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், சில டிராப்பர்கள் 400 யூனிட்டைவிட அதிகம் கொள்ளும்படி இருக்கின்றன, பார்த்துக் கொடுங்கள் என்று பெற்றோருக்கு எச்சரிக்கையே விட்டது. எனவே புது பாட்டில் வாங்கும்போதெல்லாம் "மி.லி. எத்தனை" என்று கேட்காதீர்கள். "400 யூனிட்டுக்கு எத்தனை மி.லி., எத்தனை சொட்டு" என்று கேட்டு, அட்டையில் பேனாவால் பெரிதாக எழுதி வையுங்கள். லேபிளில் மைக்ரோகிராம் கணக்கு இருந்தால் குழம்ப வேண்டாம், 10 மைக்ரோகிராம் என்பது 400 யூனிட். அந்தப் பாட்டிலோடு வந்த டிராப்பரை மட்டும் பயன்படுத்துங்கள். பழைய டிராப்பர் அழகாக இருக்கிறதே என்று இதில் போடாதீர்கள்.

குழந்தைக்கு மல்டிவைட்டமின் சொட்டோ கால்சியம் டானிக்கோ கொடுத்தால் அதன் லேபிளையும் பாருங்கள். அதிலும் வைட்டமின் டி ஒளிந்திருக்கும். பெரியவர்களுக்கு வாரம் ஒரு முறை என்று தரும் அதிக அளவு மாத்திரையில் 60,000 யூனிட்கூட இருப்பதுண்டு. அது உங்கள் மகளின் ஒரு நாள் அளவைப்போல 150 மடங்கு. அதிலிருந்து "கொஞ்சம் கரைத்து" கொடுக்கும் யோசனை வீட்டில் யாருக்கும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கொடுக்கும் விதம் சுலபம். ஒரு மி.லி. வகை என்றால், குழந்தையின் தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். நேரே தொண்டையில் பீய்ச்ச வேண்டாம். ஒரு சொட்டு வகை என்றால், பால் கொடுக்கும் முன் மார்புக் காம்பில் விட்டுக் குடிக்க வைக்கலாம். காலையோ மாலையோ, பாலுக்கு முன்போ பின்போ, எதுவானாலும் சரி. தினமும் செய்யும் ஒரு வேலையோடு, குளிப்பாட்டிய பிறகு என்பது போல, சேர்த்துக்கொண்டால் மறக்காது. ஒரு நாள் மறந்தால் அடுத்த நாள் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். கொஞ்சம் துப்பிவிட்டாலும் மறுபடி ஊட்ட வேண்டாம். உடம்பில் சேர்ந்த வைட்டமின் டி பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரம் ஆகும். ஒரு நாள் விட்டதால் எதுவும் ஆகாது. மூன்று மாதம் விடுவதுதான் நாம் பேசும் விஷயம்.

நீங்கள் மாத்திரை சாப்பிட்டால் பாலில் போகாதா என்ற கேள்வி புத்திசாலித்தனமானது. போகும். அதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2015-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் பாலூட்டும் தாய்மார்கள் தினம் 6,400 யூனிட் எடுத்துக்கொண்டபோது, குழந்தைக்கு நேரடியாக 400 யூனிட் கொடுத்ததற்கு இணையான அளவு பால் வழியாகவே கிடைத்தது. ஆனால் அந்த அளவைப் பாருங்கள். பெரியவர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் மேல்வரம்பே நாளுக்கு 4,000 யூனிட்தான். சாதாரணமாகத் தாய்மார்களுக்கு எழுதித் தரும் அளவு இதைவிட மிகக் குறைவு. அது உங்கள் எலும்புக்கு உதவும், குழந்தைக்குப் போதாது. எனவே இதை நீங்களாகச் செய்யாதீர்கள். உங்களுக்கு உடம்பு வலி, இடுப்பு எலும்பில் வலி, படியேறும்போது தொடையில் தளர்ச்சி என்று ஏதாவது இருந்தால், அல்லது வெளியே போவதே குறைவு என்றால், உங்களுக்காகவும் மருத்துவரிடம் கேளுங்கள். குழந்தைக்குச் சொட்டு மருந்து தனி, உங்களுக்கு மாத்திரை தனி.

ஃபார்முலா பால் குடிக்கும் குழந்தைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உங்களைப் போன்றவர்களுக்கு அக்கம்பக்கத்தில் யோசனை சொல்வோர் பலர் இருப்பார்கள். அந்தப் பாலில் வைட்டமின் டி சேர்த்திருப்பார்கள். நாளுக்கு ஒரு லிட்டர் அளவு குடித்தால் தேவையான 400 யூனிட் அதிலேயே வந்துவிடும் என்பது அமெரிக்க அகாடமியின் கணக்கு. முதல் சில மாதங்களில் அந்த அளவு குடிக்கும் குழந்தை குறைவு. அதனால் அவர்களுக்கும் சொட்டு மருந்து உண்டா, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்க வேண்டும். இந்தச் சத்துக்காகத் தாய்ப்பாலை விட்டு அதற்கு மாறுவது, செருப்பில் முள் தைத்ததற்குக் காலை மாற்றுவது போன்றது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை குறைந்த குழந்தை, வலிப்பு மருந்து சாப்பிடும் குழந்தை, கல்லீரல் அல்லது சிறுநீரக நோய் உள்ள குழந்தை என்றால் அளவு மாறலாம். உங்கள் மகள் இதில் எதிலும் இல்லை என்று நினைக்கிறேன், கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை.

ஆறு மாதம் ஆனதும் இணை உணவு தொடங்குவீர்கள். அப்போது "இனி சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும்" என்று நிறுத்திவிடும் இரண்டாவது அலை ஒன்று வரும். முட்டை மஞ்சள் கரு, கொழுப்புள்ள மீன், வைட்டமின் சேர்த்த உணவுகள் தவிர மற்ற எதிலும் வைட்டமின் டி பெரிதாகக் கிடையாது. குழந்தை சாப்பிடும் இரண்டு கரண்டியில் எவ்வளவு வரும்? முதல் பிறந்தநாள் வரை சொட்டு மருந்தைத் தொடருங்கள். அதற்குப் பிறகு தேவை 600 யூனிட்டாக உயர்கிறது. அதை எப்படி நிரப்புவது, மருந்து தொடரலாமா என்று அப்போது கேட்டுக்கொள்ளலாம். ஒரு வயதுக்குப் பிறகு கால்சியமும் முக்கியம். வைட்டமின் டி இருந்தும் உணவில் கால்சியம் மிகக் குறைந்துபோய் ரிக்கெட்ஸ் வந்த குழந்தைகளும் உண்டு. உறவினர் குழந்தைக்கு எதனால் வந்தது என்பதை அவர்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பரம்பரையாக வரும் சில வகைகளும் இருக்கின்றன, அவை சாதாரண வைட்டமின் டி-க்குக் கட்டுப்படாது. வைட்டமின் குறைவால் வந்ததென்றால் அவர்களிடம் சொல்லுங்கள், சிகிச்சை தொடங்கி மூன்று மாதத்தில் எக்ஸ்ரேயில் நல்ல மாற்றம் தெரியும். வளரும் வயது என்பதால் வளைவும் பெரும்பாலும் மெல்ல மெல்லச் சீராகிவிடும்.

பின்குறிப்பில் பல்லைக் கேட்டிருந்தீர்கள். நாலரை மாதத்தில் பல் முளைக்காததற்குக் கவலைப்படும் முதல் தாய் நீங்கள் இல்லை. முதல் பல் பெரும்பாலும் ஆறாவது மாதத்தை ஒட்டி வரும். பத்து மாதத்தில் வரும் குழந்தையும் உண்டு, பிறந்தநாள் கேக்கை வெறும் ஈறால் சப்பும் குழந்தையும் உண்டு. பதின்மூன்று, பதினாலு மாதமாகியும் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை என்றால் அப்போது எழுதுங்கள்.